கால் தெரிய ஒரு படம்

அந்த ஏரிப் படத்தை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பியை வாங்கிக்கொண்டு நேரே அதன் முன்னால் போய் நின்றுவிடுவார்கள். "அடேயப்பா, சீமைப் படமாட்டம் இருக்கே! எந்த ஊரு?" என்பார்கள். உலு லங்காட் மலைக்கு மேலே என்றால் நம்பமாட்டார்கள். "நீங்களே எடுத்ததா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம், இந்தப் பாழாய்ப்போன கையால்தான் எடுத்தேன் என்று கத்தவேண்டும்போல இருக்கும். கத்தாமல், "காப்பி ஆறுது, குடிங்க" என்று பேச்சை மாற்றிவிடுவேன். பிடிக்காத படத்தை ஏன் மாட்டிவைத்திருக்கிறாய் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். கழற்றிப் பெட்டியில் போட்டு மறந்துவிட எனக்கு யோக்கியதை இல்லை, அதனால்தான்.

அப்போது நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சாமான் கிடங்கில் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. மலாயாவில் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, கேட்பாரில்லை. ஊர் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய கேமரா ஒன்று என் கைக்கு வந்தது. மூன்று கால் மரத்தாங்கி, தலையை மூடிக்கொள்ளக் கறுப்புத் துணி, கண்ணாடி பிளேட்டுகள், அதற்கான மரச்சட்டங்கள் என்று ஒரு மூட்டைச் சாமான். ஒரு பிளேட்டுக்கு ஒரு படம்தான். தப்பினால் தப்பினதுதான்.

ஆள் படம் எடுப்பதென்றால் எனக்கு வேம்பு. ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடக் குடியிருந்தவர்கள் விடமாட்டார்கள். "குழந்தைக்கு மொட்டை போடப் போறோம், அதுக்கு முன்னால ஒண்ணு எடுங்க", "மீசையைக் கொஞ்சம் பெரிசாக் காட்டுங்க" என்று வந்து நிற்பார்கள். எனக்கோ மலை வேண்டும், மேகம் வேண்டும், தண்ணீரில் விழுகிற நிழல் வேண்டும். சீமையிலிருந்து வரும் பத்திரிகைகளில் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் புத்தி கெட்டுப் போயிருந்தேன். கோலாலம்பூரில் வருஷத்துக்கு ஒரு தடவை படக் கண்காட்சி ஒன்று நடக்கும். இரண்டு வருஷம் அனுப்பினேன், இரண்டு வருஷமும் திரும்பி வந்தது. மூன்றாம் வருஷமும் திரும்பினால் மானம் போய்விடும் என்று ஒரு வெறி.

அந்தச் சமயத்தில்தான், கிடங்குக்கு வந்துபோகிற மலாய்க்கார லோரி டிரைவர் ஒருவர் அந்த ஏரியைப் பற்றிச் சொன்னார். ஈயச் சுரங்கத்துக்குத் தண்ணீர் இறக்குவதற்காக, மலை உச்சியில் ஒரு பள்ளத்தை மறித்து யாரோ துரைமார் தேக்கிவைத்த ஏரி. ஈய விலை விழுந்ததும் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி போய்விட்டார்கள். இப்போது அங்கே யாரும் போவதில்லை, தாசேக் மட்டும் அப்படியே இருக்கிறது என்றார். தாசேக் என்றால் ஏரி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

போகலாம்தான். அத்தனை சாமானையும் மலைமேல் யார் தூக்குவது? எனக்கு அவன் ஞாபகம் வந்தது.

அவன் ரயில் பாதை கேங்கில் கூலி. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கனத்த கட்டைகளைத் தோளில் சுமக்கிற வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். இருந்தாலும் அவன் என்னை ஐயா என்பான், நான் அவனை நீ, வா, போ என்பேன். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலில் வந்து உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போவான். மேலே 'மகாராஜராஜஸ்ரீ' போட்டே ஆகவேண்டும். பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்துக்கு எதற்கப்பா மகாராஜராஜஸ்ரீ என்று கேட்டால், "இருக்கட்டும் ஐயா. ஊர்ல வாத்தியார் படிக்கறப்ப நாலு பேரு கேப்பாங்கல்ல" என்பான்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் கப்பல் ஏறியவன். வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இடையில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. அவன் பேரே கொண்ட இன்னொருத்தன், அதே கேங்கில், இஞ்சினில் அடிபட்டுச் செத்துப்போனான். ஊருக்குத் திரும்பின எவனோ ஒருவன் ஆள் மாற்றிச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், இவன் செத்துவிட்டதாக ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இவன் கடிதம் போட்டான். நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? ஒரு கடிதம் கோயில் பண்டாரத்தின் கையெழுத்து, அடுத்தது கடைக்காரர் கையெழுத்து, அதற்கடுத்தது என் கையெழுத்து. பணம் அனுப்பினான். "கூட வேலை செஞ்சவங்க பாவம் பாத்து அனுப்பறாங்க" என்று அவன் மச்சான்மார் இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஜாதியில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. புருஷன் போய்விட்டால் அந்தத் தாலியை அறுத்துவிட்டு, பெண்ணை இன்னொருத்தனுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று; நிலம் நீச்சு உள்ள ஆளாம்.

அந்தப் பெண் மட்டும் பிடி கொடுக்கவில்லை. தை மாதத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வாத்தியார் கையெழுத்து, ஆனால் பேச்சு அவளுடையது. "வைகாசி வரைக்கும் அண்ணன்மாரிடம் தவணை வாங்கியிருக்கிறேன். நின்றபடி, கால் ரெண்டும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பவும். வேறு எதைக் காட்டினாலும் இவர்கள் நம்பமாட்டார்கள்." படித்துவிட்டு நான் சிரித்தேன். "ஏம்பா, உன்னைப் பேய்னு நெனச்சிட்டாளா? பேய்க்குத்தானே கால் தரையில பாவாதும்பாங்க!" அவனும் கூடச் சிரித்தான். பிறகு, "அவ கேட்டா ஏதாச்சும் காரணம் இருக்கும் ஐயா" என்றான்.

பட்டணத்தில் சீனர் ஸ்டூடியோ இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே போய் எடுத்துக்கொள்வதாகத்தான் அவன் கிளம்பினான். அவனைத் தடுத்தவன் நான். "அங்க எதுக்குப் போறே? நானே எடுத்துத் தர்றேன். சீனப் பெருநாள் லீவுக்கு என்கூட மலைக்கு வா. மூணு நாள் சாமான் தூக்கு. ஏரிக்கரையில, ராஜா மாதிரி நிக்க வச்சு எடுக்கறேன்." அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! கூலி பற்றிப் பேச்செடுத்தேன். "படம் எடுத்துக் கொடுங்க, அது போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

காஜாங் வரை ரயில். அங்கிருந்து அந்த மலாய்க்காரரின் லோரியில் பாதை முடிகிற மலாய்க் கிராமம், கம்பம் என்பார்கள், அது வரைக்கும். பிறகு நடை. வழி கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஏரியிலிருந்து சுரங்கத்துக்குத் தண்ணீர் வந்த பெரிய இரும்புக்குழாய் துருப்பிடித்து மலைமேல் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஏறவேண்டியதுதான். ஏறுவதுதான் உயிரை வாங்கிவிட்டது. காலெல்லாம் அட்டை. அவன் வெற்றிலைச் சுண்ணாம்பையும் புகையிலையையும் குழைத்து என் முழங்கால் வரைக்கும் தடவிவிட்டான். தனக்குத் தடவ மிச்சமில்லை. "எனக்கு என்ன ஐயா, அட்டைக்கே பல்லு ஒடஞ்சிரும்" என்றான்.

கேமரா, தாங்கி, பிளேட் பெட்டி, அரிசி, கருவாடு, சட்டி, தார்ப்பாய் எல்லாம் அவன் முதுகில். என் கையில் ஒரு குடை, அவ்வளவுதான். அவனுடையது என்று தலைமேல் தனியாக ஒரு சின்ன மூட்டை இருந்தது. மெழுகுத்துணி சுற்றியது. ஓடைகளைக் கடக்கும்போது அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்வான். உள்ளே வெள்ளை வேட்டியும் சட்டையும். படத்துக்காக வண்ணானிடம் கொடுத்து வெளுத்து வாங்கி வைத்திருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். ஏரி நான் நினைத்ததைவிடச் சின்னது. சுற்றிலும் காடு, நடுவில் கறுத்த தண்ணீர், தண்ணீருக்குள்ளேயே செத்துப்போய் நிற்கிற மரங்கள். என்னிடம் மொத்தம் ஆறு பிளேட். அஞ்சு எனக்கு, ஒன்று அவனுக்கு என்று பேச்சு. பொறுமை கெட்டவன் நான். வானம் மூடியிருந்தது, வெளிச்சம் சரியில்லை என்று தெரிந்தும் வந்த அவசரத்தில் மூன்றை அடித்துத் தீர்த்தேன். மறுநாள் காலையில் பனிமூட்டம் கலையும் கலையும் என்று காத்திருந்து, கலைகிறது என்று நினைத்து இரண்டை அடித்தேன். கலையவில்லை. அஞ்சும் போயிற்று. பாறைமேல் உட்கார்ந்து என்னையும் வானத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

"இன்னும் எத்தனை ஐயா இருக்கு?"

"ஒண்ணு."

"அது நம்மளுதுங்களா?"

"உன்னுதுதாம்பா. போய்க் குளிச்சிட்டு வா" என்றேன். அப்படிச் சொன்னபோது நிஜமாகவே அவனுக்காகத்தான் சொன்னேன். இதை யாராவது நம்பினால் நம்பட்டும்.

குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றான். கரையில் தட்டையான பாறை ஒன்று இருந்தது. அதில் ஏறி, வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு, பாதத்தை இப்படி வைத்து, அப்படி வைத்து, "இது தெரியுதா ஐயா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அவன் கால் மேலே, தலை கீழே. கடைசிப் பிளேட்டைச் செருகினேன்.

அந்த நேரம் பார்த்து மூட்டம் விலகியது. மெதுவாக விலகவில்லை, யாரோ துணியைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரே வீச்சில் விலகியது. மேகத்தை ஒட்டி வெயில் சாய்வாக இறங்கி, செத்த மரங்கள் அத்தனையும் வெள்ளையாக நின்றன. தண்ணீரில் எதிர்க்கரை மலை முழுசாக விழுந்து கிடந்தது. மூன்று வருஷமாக நான் ஏங்கின படம் அதுதான். 

"கொஞ்சம் நகருப்பா" என்றேன்.

"எங்க ஐயா?"

"அந்தப் பக்கம். இன்னும். கல்லை விட்டு இறங்கு. குடையைப் பிடி, கண்ணாடியில வெயில் படுது."

ஓடி வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கேமராவின் ஷட்டரைத் திறக்கிற ரப்பர் பந்தை அமுக்கினேன். ஏரி பிளேட்டில் ஏறிவிட்டது.

அவனை அந்தப் பாறையிலேயே நிற்கவிட்டு எடுத்திருக்கலாம். ஏரியும் விழுந்திருக்கும், அவனும் விழுந்திருப்பான், கால் ரெண்டும் விழுந்திருக்கும். ஒரே பிளேட் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது. வெள்ளை வேட்டி கட்டின ஒரு கூலியாள் முன்னால் நின்றால் கண்காட்சியில் எடுபடாது, சீமைப் படத்தில் அப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணத்தில் அவ்வளவுதான் தோன்றியது. எனக்கு இதைவிடக் கேவலமான காரணம் ஒன்று இருந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும்போல.

"அடுத்தது நானா ஐயா?" என்று மறுபடி பாறையில் ஏறினான்.

அப்போதாவது வாயைத் திறந்து, பிளேட் தீர்ந்துவிட்டதப்பா, கீழே போய் எடுத்துக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான். அவ்வளவு வெளுத்த வேட்டியையும் அந்த முகத்தையும் பார்த்தபோது எனக்கு நா எழவில்லை. ஊருக்குப் போய் ஒரு வாரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டால் போகிறது, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஏற்கெனவே எடுத்து முடித்த பிளேட்டைச் செருகினேன். மூடியைத் திறக்கவில்லை. துணிக்குள் தலையை விட்டேன். "அசையாதே!" என்று அதட்டினேன். ரப்பர் பந்தை அமுக்கினேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல், நான் சொல்கிறவரைக்கும் நின்றான்.

"முடிஞ்சுதா ஐயா?"

"முடிஞ்சுது."

"கால் விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்கும், விழுந்திருக்கும்" என்று எரிந்து விழுந்தேன். அவன் என்ன தப்புப் பண்ணினான், எரிந்து விழ?

இறங்கும்போது வழியெல்லாம் அவன் பேச்சு ஓயவில்லை. "மச்சான்மாரு மூஞ்சி எப்படிப் போகும்னு பாக்கணும் ஐயா. அதுவும் மலைமேல நிக்கறேன்! இந்தப் பய செத்தான்னு சொன்னமேன்னு..." நான் பின்னால் நடந்தேன். அவன் முதுகில் ஆறு பிளேட்டும் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில்கூட அவன் இல்லை.

குவார்ட்டர்ஸ் குளியலறையை இருட்டாக்கி, பிளேட்டுகளை மருந்தில் போட்டுக் கழுவினேன். ஐந்து குப்பை. கடைசி ஒன்று மட்டும் நான் ஆசைப்பட்டபடியே வந்திருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, தனியாக நின்று கைதட்டினேன். சாயங்காலம் அவன் வேலை முடிந்து நேரே வந்துவிட்டான். "உன் பிளேட் கழுவும்போது கை தவறி உடைஞ்சு போச்சுப்பா" என்றேன். முன்பே யோசித்து வைத்திருந்த பொய். கோபப்படுவான், குறைந்தது முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். அவன் பதறிப்போய் என் கையைப் பார்த்தான். "கண்ணாடியாச்சே ஐயா! கையில ஒண்ணும் குத்தலியே?"

இதை எழுதும்போதுகூட என் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

"ஞாயித்துக்கெழம எடுத்துரலாம்" என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. மலையில் பிடித்த காய்ச்சல், ஆஸ்பத்திரியில் கிடந்தான். போய்ப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை. கண்காட்சிக்குப் படத்தைப் பெரிதாக்குகிற வேலை எனக்கு. அவன் எழுந்து வரப் பங்குனி பாதி போய்விட்டது. அதற்குள் என் ஏரி கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிவிட்டது. துரைமார் கைகுலுக்கினார்கள். நானும் குலுக்கினேன்.

பரிசு வாங்கினவனுக்கு மனசாட்சி கொஞ்சம் குறுகுறுத்தது. அவனுக்குப் பிரமாதமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். கோயில் பக்கம் பூக்காரரிடம் நல்ல கனமான ரோஜா மாலையாக ஒன்று வாங்கினேன். அவன் வந்தான். பாதி ஆளாகியிருந்தான், நின்றால் முழங்கால் வெடவெடத்தது. என் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்காரவைத்தேன். "மாலையெல்லாம் எதுக்கு ஐயா" என்று கூச்சப்பட்டான். "உனக்கு நான் போடறேன், பேசாம இரு" என்று நானே கழுத்தில் போட்டேன். அவனுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். மூடிய வானம், அதனால் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கவேண்டியிருந்தது. பலவீனத்தில் கண் சொருகிக்கொண்டது. கீழே சாக்கடையும் யார் வீட்டுத் துணியோ காய்வதும் தெரிந்தன. அசிங்கமாக இருக்கிறதென்று மார்பு வரைக்கும் வைத்துக் கீழே வெட்டிவிட்டேன்.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். "கால் வரலியே ஐயா."

"மூஞ்சிதானேப்பா முக்கியம்! மூஞ்சி தெரிஞ்சா நம்பமாட்டாங்களா?"

"நிக்கற மாதிரி கேட்டா அவ."

"அடுத்த மாசம் ஒடம்பு தேறட்டும், நிக்க வச்சு ஒண்ணு எடுத்து அதையும் அனுப்புவோம். இப்ப இது போகட்டும். வைகாசி வந்துருமில்ல?"

ஐயா சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினான். 'நான் இங்கு நலம்' என்று வழக்கம்போல ஒரு கடிதம் எழுதி, படத்தோடு சேர்த்து நானே தபாலில் போட்டேன். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். நின்றபடி எடுப்பதாகச் சொன்ன இரண்டாவது படம் அப்படியே தள்ளிப்போயிற்று.

வைகாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். வாத்தியார் கையெழுத்தில் கடிதம் வந்தது. இந்தத் தடவை என் பேருக்கு. படம் அனுப்பின உறையில் என் விலாசம்தானே இருந்தது. ஆள் அனுப்பி அவனை வரவழைத்தேன். ஓட்டமும் நடையுமாக வந்து, எதிரில் குந்தி உட்கார்ந்தான். பிரித்தேன்.

வாத்தியார் எனக்கு நன்றி எழுதியிருந்தார். உற்றார் உறவினர் இல்லாத சீமையில், கூடப் பிறந்தவனைப்போல் முன்நின்று அவனை நல்லபடியாக அனுப்பிவைத்ததற்கு நன்றி. மாலை மரியாதையோடு உட்காரவைத்துப் படம் பிடித்து அனுப்பியதற்கு அந்த வீட்டார் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறார்கள். 'நான் இங்கு நலம்' என்ற கடிதத்தை, அந்தப் பெண் உடைந்துபோகக்கூடாது என்று நான் இரக்கப்பட்டு எழுதியதாக எடுத்துக்கொண்டார்களாம். படம் வந்த அன்றே எல்லாரும் அழுது தீர்த்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தாலி வாங்கியாகிவிட்டது. வைகாசி முதல் முகூர்த்தத்தில் பெண்ணுக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலாயாவில் கூலியாள் செத்துப்போனால் கூலி லயத்தில் கூடக் குடியிருக்கிற சனங்கள் என்ன செய்வார்கள்? குளிப்பாட்டி, நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மாலை போட்டு, படம் பிடித்து, முகமாவது பார்க்கட்டும் என்று ஊருக்கு அனுப்புவார்கள். அந்த மாதிரிப் படம் நானே நாலைந்து எடுத்திருக்கிறேன். கண் பாதி மூடியிருக்கும், நாற்காலியோடு சேர்த்துக் கட்டின கயிறு தெரியாமல் மார்புக்குக் கீழே வெட்டிவிடுவேன். அந்தப் பெண்ணின் ஊருக்கும் இரண்டொன்று போயிருக்க வேண்டும். அதனால்தான் நின்றபடி வேண்டும், கால் தெரிய வேண்டும் என்று எழுதினாள். செத்தவன் நிற்கமாட்டான். அவளுக்குத் தெரிந்தது. அந்தப் படங்களை எடுத்த எனக்குத் தெரியவில்லை. பேய் பிசாசு என்று நையாண்டி பண்ணினேன்.

"என்ன ஐயா எழுதியிருக்கா? படம் கெடச்சிருச்சாமா?"

"கெடச்சிருச்சு."

"என்ன சொன்னாளாம்?"

"நல்லா இருக்குன்னு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. முழுசையும் படித்துச் சொல்லிவிட்டேன். ஒரு எழுத்து விடவில்லை, எனக்குச் சொன்ன நன்றி உட்பட.

அவன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தந்தி கொடுக்கலாமா என்றேன். "தந்தி போனா அதுவும் சாவுன்னுதான் ஐயா அழுவாங்க. பிரிச்சுப் படிக்கவே மாட்டாங்க" என்றான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "ஐயா, ஏரிக்கரையில எடுத்தீங்களே, அந்த ஒடஞ்ச பிளேட்டு இருக்கா? துண்டு துண்டா இருந்தாலும் பரவால்ல. கால் இருக்கற துண்டு மட்டும் கெடச்சாப் போதும். அதை எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். உடையவில்லை, எடுக்கவே இல்லை, உன் பிளேட்டில்தான் ஏரியை எடுத்தேன் என்று சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தான். அந்தத் தட்டைப் பாறையின் மேல் விரலை வைத்தான்.

"இங்கதான் நின்னேன்."

"ஆமாம்."

"நகரச் சொன்னீங்க."

"ஆமாம்ப்பா."

"நகராம நின்னிருந்தா நானும் விழுந்திருப்பேனா ஐயா?"

"விழுந்திருப்பே."

அடிக்கட்டும் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கப்பல் என்னிக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாளே டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கிள்ளான் துறைமுகம் வரைக்கும் கூடப் போனேன்.  படகில் ஏறும்போது, "என்னை மன்னிச்சிருப்பா" என்று கையைப் பிடித்தேன். "சீக்கிரம் போய்ச் சேந்தாச் சரி ஐயா" என்றான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் நினைப்பில் நானே இல்லை.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வாசலில் வந்து உட்கார்ந்தான்.  ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை, மறுபடி கேங்கிலேயே சேர்ந்துவிட்டேன் என்றான். கேட்கப் பயமாக இருந்தது. அவனாகவே சொன்னான்.

"முகூர்த்தம் முடிஞ்சு எட்டு நாள் கழிச்சுப் போனேன் ஐயா. அவ அந்த வீட்டு வாசல்ல நெல்லு காய வச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் கத்தல, ஓடல. மொதல்ல காலைத்தான் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் அப்படியே நெல்லு மேல உக்காந்துட்டா. கழுத்துல புதுத் தாலி."

"ஏதாவது பேசினாளா?"

"ஒண்ணுதான் கேட்டா. 'நின்னபடி கேட்டேனே, ஏன் உக்காந்தே?'ன்னு கேட்டா."

அவன் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரியாமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"நான் என்ன ஐயா சொல்லியிருக்கணும்?"